எல்லோருக்கும் ஒரே கணினி

லினக்ஸ் நிர்வாகிகளுக்காக ரெட் ஹேட் நிறுவனம் நடத்தும் ஆர்ஹெச்சிஎஸ்ஏ தேர்வில் சரியான விடையைத் தேர்ந்தெடுத்து வட்டமிடும் வேலையே கிடையாது. தேர்வரின் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் அமைப்புகள், கையில் 3 மணி நேரம். இணையம் இல்லை. கணினியோடு சேர்ந்தே வரும் கையேட்டுப் பக்கங்களை மட்டும் புரட்டிக்கொள்ளலாம். பயனர் கணக்குகளை உருவாக்கு, வட்டைப் பிரி, இந்தச் சேவையை இயக்கு என்று வேலைகள் வரும். விடைத்தாள் என்று தனியாக ஒன்று இல்லாததால், கடைசியில் அந்தக் கணினி எந்த நிலையில் நிற்கிறதோ அதற்குத்தான் மதிப்பெண். செய்து வைத்தவை எல்லாம் ரீபூட் ஆன பிறகும் யாரும் கை வைக்காமல் நிலைத்திருக்க வேண்டும் என்பது விதி.

இப்படியொரு தேர்வுக்கு வினாத்தாள் மட்டும் போதாது. காலையில் எழுதுபவருக்கும் மாலையில் எழுதுபவருக்கும், இந்த ஊரில் எழுதுபவருக்கும் வேறு நாட்டில் எழுதுபவருக்கும், தேர்வு தொடங்கும் நொடியில் கணினி ஒரே நிலையில் இருந்தாக வேண்டும். அந்த ஒரே நிலையை எத்தனை முறை கேட்டாலும் பிசகாமல் தருவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

நம் கல்லூரி லேபுகளில் செய்முறைத் தேர்வு நடத்தியவர்களுக்கு இதன் அருமை தெரியும். முதல் பேட்ச் எழுதிய ப்ரோகிராம் இரண்டாம் பேட்ச் வரும்போது டெஸ்க்டாப்பிலேயே கிடக்கும். ஒரு சிஸ்டத்தில் கம்பைலர் பழைய வெர்ஷன், இன்னொன்றில் யாரோ எப்போதோ மாற்றி வைத்த செட்டிங். "சார், வேற சிஸ்டம் குடுங்க சார்" என்ற குரல் வந்துகொண்டே இருக்கும். எந்த இடத்தில் உட்கார்ந்தோம் என்பது மதிப்பெண்ணைத் தொடுமானால் அது அநியாயம். காசு கொடுத்து எதையும் வாங்காமலேயே தீர்க்கக்கூடிய அநியாயம் என்பதால் எனக்கு அதில் இன்னும் ஆதங்கம். மென்பொருளைச் சோதிப்பவர்களின் சிக்கலும் இதுவே. நேற்று தேறிய சோதனை இன்று தோற்றால், பிழை புதிதாக எழுதிய நிரலிலா, அல்லது நேற்றைய சோதனை விட்டுச்சென்ற குப்பையிலா என்று சொல்ல முடியாமல் போகிறது.

தீர்வுக்கான கருவி பழையது. 1960களின் நடுவில், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் அறிவியல் மையத்தில் ராபர்ட் க்ரீசியின் குழு சிபி-40 என்ற அமைப்பைக் கட்டியது. ஒரே பெரிய கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டாலும், ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கணினி தனக்கே தனக்கென்று இருப்பதுபோல அது காட்டியது. அந்த வழியில் 1972இல் விஎம்/370 விற்பனைக்கு வந்தது. புதிய இயங்குதளத்தைச் சோதிக்க வேண்டிய பொறியாளர், முழு மெஷினும் தனக்குக் கிடைக்கும் நடுராத்திரிக்காகக் காத்திருக்கத் தேவையில்லாமல் போனது. சோதனையில் எது கவிழ்ந்தாலும் அவருடைய மெய்நிகர் கணினி மட்டும் கவிழும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

1974இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் இருவரும் மெய்நிகர் கணினி என்றால் என்னென்ன பண்புகள் இருக்க வேண்டும் என்று ஓர் ஆய்வுக்கட்டுரையில் வரையறுத்தார்கள். அதில் முதல் பண்பு சமானத்தன்மை. நிஜக் கணினியில் ஒரு நிரல் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே மெய்நிகர் கணினியிலும் நடந்துகொள்ள வேண்டும். இதற்கு அவர்கள் இரண்டு விலக்குகளைத்தான் அனுமதித்தார்கள். ஒன்று, வேலை முடிய ஆகும் நேரம். மற்றொன்று, நினைவகம் முதலிய வளங்கள் எவ்வளவு கிடைக்கின்றன என்பது. அரை நூற்றாண்டு கழித்துத் தேர்வு நடத்துபவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதும் இந்த இரண்டு இடங்களில்தான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நம் மேசைகளில் இருக்கும் எக்ஸ்86 சிப்கள் இந்த வரையறைக்கு நெடுங்காலம் ஒத்துவரவில்லை. சிப்பின் முக்கிய நிலையைத் தொட்டும், மெய்நிகர் கணினிகளை நடத்தும் மேற்பார்வை மென்பொருளுக்குத் தெரிவிக்காமலே நடந்துவிடும் 17 கட்டளைகள் பென்டியத்தில் இருப்பதாக 2000இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. விஎம்வேர் நிறுவனம் 1999இலேயே அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதிச் சமாளித்துக் காட்டியிருந்தது. 2005இல் இன்டெல்லும் 2006இல் ஏஎம்டியும் சிப்பிலேயே வழி செய்தன. 2007இல் கேவிஎம் என்ற மெய்நிகர் கணினி வசதி லினக்ஸ் கெர்னலுக்குள் சேர்ந்தது. அதிலிருந்து இது சாதாரண லேப்டாப்பின் வேலை ஆகிவிட்டது. ஆனாலும் லேபில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளை நிறுவியதும் பிழைச்செய்தி வந்தால், முதலில் பயாஸுக்குள் போய் இன்டெல்லின் அந்த விடி-எக்ஸ் வசதி அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பல சமயம் அதுதான் காரணம்.

இனி உள்ளே எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 20 ஜிபி அளவுள்ள ஒரு மெய்நிகர் வட்டு, 40 தேர்வர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கொரு முழு நகல் எடுத்தால் 800 ஜிபி வேண்டும், நகலெடுக்கவே பொழுது போய்விடும். எனவே யாரும் நகலெடுப்பதில்லை. மூல வட்டு ஒன்றே ஒன்றுதான். அது படிக்க மட்டும். ஒவ்வொரு தேர்வருக்கும் அதன்மேல் ஒரு வெற்று அடுக்கு போடப்படுகிறது. அச்சிட்ட பக்கத்தின்மேல் ட்ரேசிங் பேப்பரை வைத்து எழுதுவதுபோல, எழுத்தெல்லாம் மேல் தாளில் விழும், கீழே உள்ளது கெடாமல் இருக்கும்.

லினக்ஸ் உலகில் பரவலாகப் பயன்படும் க்யூகவ்2 என்ற வட்டு வடிவம் இதைச் செய்யும் விதம் எளிமையானது. வட்டை 64 கேபி அளவுள்ள துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறது. 20 ஜிபி வட்டில் 3,27,680 துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் அட்டவணையில் 8 பைட் கொண்ட ஒரு பதிவு. தொடக்கத்தில் எல்லாப் பதிவுகளும் சுழியம். "என்னிடம் இல்லை, மூல வட்டைக் கேள்" என்பது அதன் பொருள். தேர்வர் ஒரு ஃபைலைத் திறந்தால் அது மூலத்திலிருந்து வருகிறது. அதில் ஓர் எழுத்தை மாற்றிச் சேமித்தால், அந்த எழுத்து இருக்கும் 64 கேபி துண்டுக்கு மேல் அடுக்கில் புதிதாக இடம் ஒதுக்கப்படும். மாறாத பகுதி மூலத்திலிருந்து அங்கே வந்து சேரும், மாறியது அதன்மேல் எழுதப்படும், அட்டவணைப் பதிவு புது இடத்தைக் காட்டும். அடுத்த முறை படிக்கும்போது மூலத்துக்குப் போக வேண்டியதில்லை.

தேர்வர் 3 மணி நேரத்தில் அரை ஜிபி அளவுக்கு மாற்றினாலும் 40 பேருக்கு 20 ஜிபிதான், மூலத்தோடு சேர்த்தால் 40. தேர்வு முடிந்ததும் மேல் அடுக்கை அழித்துவிட்டுப் புதிய வெற்று அடுக்கைப் போடுவது கண்ணிமைக்கும் வேலை. அழிக்காமல் எடுத்து வைத்தால் அதுவே அந்தத் தேர்வரின் விடைத்தாள். மறுமதிப்பீடு கேட்டால் அந்த அடுக்கைத் திரும்ப ஏற்றி, அவர் எழுந்து போன கணத்தில் கணினி இருந்த நிலையைப் பார்க்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே இந்த முறையைப் பரிந்துரைப்பேன். கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. மேலே அடுக்குகள் இருக்கும்போது மூல வட்டை யாரும் இயக்கவோ திருத்தவோ கூடாது. "சின்ன அப்டேட்தானே" என்று மூலத்தில் கை வைத்தால், அதை நம்பியிருக்கும் 40 அடுக்குகளும் பாழாகும். மூல வட்டின் ஃபைலுக்கு எழுதும் அனுமதியையே நீக்கிவிடுவது நல்லது.

அடுத்த கேள்வி, அந்த மூல வட்டு எப்படி வந்தது? பெரும்பாலும் ஒருவர் உட்கார்ந்து, இயங்குதளத்தை நிறுவி, வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததை நீக்கி, "இதுதான் மாஸ்டர்" என்று எடுத்து வைத்திருப்பார். ஆறு மாதம் கழித்து அதில் ஒரு பேக்கேஜை மாற்ற வேண்டும் என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே நினைவிருக்காது. அவர் வேலையை விட்டுப் போயிருந்தால் கேட்கவே வேண்டாம். எனவே காப்பாற்ற வேண்டிய பொருளாகக் கணினியைக் கருதாமல், அதைக் கட்டும் முறையை எழுதி அந்த எழுத்தைக் காப்பாற்றுகிறார்கள். 2010இல் மிட்செல் ஹாஷிமோட்டோ வெளியிட்ட வேக்ரன்ட் இந்தப் பழக்கத்தைப் பரப்பியது. எந்த அடிப்படை இமேஜ், அதன் எந்த வெர்ஷன், எத்தனை சிபியு, எவ்வளவு நினைவகம், எழுந்ததும் எந்த ஸ்கிரிப்டுகள் ஓட வேண்டும் என்பதெல்லாம் சில பத்து வரிகள் கொண்ட ஓர் எழுத்து ஃபைலில் இருக்கும். வேக்ரன்ட் அப் என்று தட்டினால் கணினி எழும், வேக்ரன்ட் டெஸ்ட்ராய் என்றால் அழியும். அந்த ஃபைலை கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் போட்டு வைத்தால் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறும் கூடவே வரும். 2013இல் வந்த பேக்கர், மூல இமேஜையே இப்படி எழுத்திலிருந்து கட்டித் தருகிறது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் மேகக் கணிமை ஆய்வகத்துக்கான முதல் பயிற்சியே விர்ச்சுவல்பாக்ஸோ விஎம்வேரோ நிறுவி அதில் லினக்ஸ் ஏற்றுவது. நல்ல தொடக்கம். அதன் அடுத்த பயிற்சியாக, கட்டியதை அழித்துவிட்டு எழுதி வைத்த குறிப்பிலிருந்து மறுபடி கட்டச் சொல்லியிருந்தால் மாணவர்கள் இன்னும் அதிகம் கற்றிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

எழுதி வைப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. "இந்த வரியை ஃபைலின் கடைசியில் சேர்" என்று எழுதிய ஸ்கிரிப்ட் இரண்டு முறை ஓடினால் வரி இரண்டு முறை விழும். "இந்த வரி இருக்கிறதா பார், இல்லையென்றால் மட்டும் சேர்" என்று எழுதினால் நூறு முறை ஓடினாலும் ஒரே முடிவு. 2012இல் வந்த ஆன்சிபிள் போன்ற கருவிகள் இரண்டாவது வகையில்தான் சிந்திக்க வைக்கின்றன.

அதைவிடப் பெரிய ஓட்டை வெளியிலிருந்து வருவது. ஸ்கிரிப்டில் "வெப் சர்வரை நிறுவு" என்று மட்டும் இருந்தால், போன மாதம் ஒரு வெர்ஷன் வந்திருக்கும், இந்த மாதம் வேறொன்று வரும். குறிப்பு மாறவில்லை, கணினி மாறிவிட்டது. சில நேரம் எதுவுமே வராது. சென்ட்ஓஎஸ் 7இன் ஆயுள் 2024 ஜூன் 30இல் முடிந்தது. அதன் பேக்கேஜ்களுக்கு வழிகாட்டிய முகவரி நின்றுபோனது, பேக்கேஜ்கள் ஆவணக் கிடங்குக்கு இடம் மாறின. அதுவரை பல ஆண்டுகள் சிக்கலின்றி ஓடிய எத்தனையோ ஸ்கிரிப்டுகள், ஓர் எழுத்தும் மாறாமலே, முதல் வரியிலேயே தடுமாறி நின்றன. எனவே வெர்ஷன் எண்ணைத் துல்லியமாக எழுத வேண்டும், தேவையான பேக்கேஜ்களின் நகலைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். டெபியன் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வரம் உண்டு. 2005 முதல் அதன் பேக்கேஜ் கிடங்கு எந்த நாளில் எப்படி இருந்தது என்பதை டெபியன் ஸ்னாப்ஷாட் காப்பகம் சேர்த்து வைத்திருக்கிறது. "2021 மார்ச் மாதத்தில் இருந்த நிலை" என்று கேட்டால் அதையே தரும்.

இவ்வளவு பாடுபட்டு எல்லாவற்றையும் ஒன்றுபோல ஆக்கிய பிறகு, சில விஷயங்கள் ஒன்றுபோல இருக்கக் கூடாது என்பது தெரியவரும். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் மெஷின்-ஐடி என்ற ஃபைலில் 32 இலக்கங்கள் கொண்ட ஓர் அடையாளம் இருக்கிறது. மூல வட்டில் அதை அப்படியே விட்டு நகலெடுத்தால் 40 கணினிகளுக்கும் ஒரே அடையாளம். உபுண்டு சர்வரின் அண்மை வெர்ஷன்களில் ஐபி முகவரி கேட்கும்போது இந்த அடையாளத்திலிருந்து பிறந்த எண்ணையே கணினி காட்டுகிறது. நெட்வொர்க் கார்டின் முகவரி வேறாக இருந்தாலும், ஐபி முகவரிகளை வழங்கும் டிஹெச்சிபி சர்வர் எல்லாரும் ஒருவரே என்று நினைத்து ஒரே ஐபியைக் கொடுத்துவிடும். லேபே திணறும், காரணம் லேசில் பிடிபடாது. எஸ்எஸ்ஹெச் சாவியும் இப்படித்தான். ஒரே சாவி எல்லாக் கணினியிலும் இருந்தால் ஒன்றை உடைத்தவர் மற்றவற்றைப்போல வேடமிடலாம். இவற்றைத் துடைத்துவிட்டுத்தான் மூல வட்டைப் பூட்ட வேண்டும். விண்டோஸில் சிஸ்ப்ரெப், லினக்ஸில் விர்ட்-சிஸ்ப்ரெப் என்ற கருவிகள் இதற்கென்றே இருக்கின்றன. மெஷின்-ஐடி ஃபைலை வெறுமையாக விட்டால் போதும், கணினி முதல்முறை எழும்போது தானே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் அந்தக் கணத்து நிலையை நினைவகத்தோடு சேர்த்து ஸ்னாப்ஷாட்டாக எடுத்தால் இன்னும் நுட்பமான ஆபத்து ஒன்று வருகிறது. சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் பகுதியின் நிலையும் அதில் உறைந்துவிடும். ஒரே ஸ்னாப்ஷாட்டிலிருந்து இரண்டு முறை எழுப்பினால், ரகசியமாக இருக்க வேண்டிய அதே எண்கள் இரண்டு முறை பிறக்கலாம். தாமஸ் ரிஸ்டன்பார்ட், ஸ்காட் யிலெக் இருவரும் 2010இல் இதை நடைமுறையில் காட்டினார்கள். திரும்ப எழுப்பிய சர்வரின் ரகசியச் சாவியையே சில சூழல்களில் கணக்கிட்டு எடுக்க முடிந்தது. "நீ இப்போது ஒரு நகல்" என்று உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்குச் சொல்லும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் சர்வர் 2012இல் கொண்டுவந்தது. லினக்ஸ் கெர்னல் 2022இல் அதைப் புரிந்துகொண்டு சமவாய்ப்பு எண்களைப் புதுப்பிக்கத் தொடங்கியது. கடிகாரமும் இதே வகை. போன மாத ஸ்னாப்ஷாட் எழுந்ததும் இன்னும் போன மாதத்திலேயே இருக்கும். நேற்று வழங்கிய பாதுகாப்புச் சான்றிதழைப் பார்த்து "இது இன்னும் நடப்புக்கு வரவில்லை" என்று மறுக்கும். தேர்வுக்கு நினைவகம் சேராத ஸ்னாப்ஷாட்டே நல்லது. ஒவ்வொரு முறையும் கணினி முறைப்படி பூட் ஆகட்டும்.

கணினி தயாரானதும், மதிப்பெண் போடும் ஸ்கிரிப்ட். பலர் அவசரமாகக் கடந்துபோகும் இடம் இது. அது வழியைப் பார்க்காமல் விளைவைப் பார்க்க வேண்டும். 2 ஜிபி ஸ்வாப் சேர்க்கச் சொன்னால், எஃப்டிஸ்கால் செய்தாரா பார்ட்டட்டால் செய்தாரா என்பது நமக்கு வேண்டாம். ரீபூட் ஆன பிறகு கெர்னல் தன் ஸ்வாப் பட்டியலில் 2 ஜிபி காட்டுகிறதா என்பதே கேள்வி. இந்த ரீபூட் விதி ஈவிரக்கமற்றது. பூட் ஆகும்போது எந்தெந்த வட்டுகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் ஒரு வட்டின் அடையாள எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் கணினி பாதியில் நின்று அவசர நிலைக்குப் போய்விடலாம். அப்போது சரியாகச் செய்த மற்ற விடைகளும் எட்டாமல் போகும். நிஜ டேட்டா சென்டரிலும் அதுதான் நடக்கும் என்பதால் விதி சரியானதே. ஆனால் மாணவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிப் பழக்காமல் தேர்வில் விடுவது கொடுமை.

மதிப்பிடும் ஸ்கிரிப்டையே சோதிக்க ஒரு வழி உண்டு. அதே குறிப்பிலிருந்து இரண்டு கணினிகளை எழுப்புங்கள். ஒன்றை யாரும் தொடாமல் ரீபூட் செய்து மதிப்பிட்டால் 0 வர வேண்டும். 0க்கு மேல் வந்தால், நாம் கேட்ட ஏதோ ஒன்று ஏற்கெனவே செய்யப்பட்டுக் கிடக்கிறது. மற்றொன்றில் மாதிரி விடை ஸ்கிரிப்டை ஓட்டி ரீபூட் செய்து மதிப்பிட்டால் முழு மதிப்பெண் வர வேண்டும். வராவிட்டால் எந்த மாணவராலும் பெற முடியாத மதிப்பெண் ஒன்று வினாத்தாளில் ஒளிந்திருக்கிறது. குறிப்பில் ஒரு வரி மாறினாலும் இந்த இரட்டைச் சோதனை தானாக ஓட வேண்டும்.

ஒரு நாடே இந்த வேலையில் இறங்கிய உதாரணம் ஃபின்லாந்து. அங்கே பள்ளி இறுதித் தேர்வு 2016 இலையுதிர் காலத்தில் ஜெர்மன், புவியியல், தத்துவம் ஆகிய பாடங்களில் கணினிக்கு மாறத் தொடங்கி, 2019 வசந்த காலத்தில் கணிதமும் சேர்ந்து முழுமையானது. மாணவர்கள் தங்கள் சொந்த லேப்டாப்பையே கொண்டுவந்து, அதன் வட்டைத் தொடாமல், தேர்வு வாரியம் தயாரித்த லினக்ஸை யுஎஸ்பி குச்சியிலிருந்து பூட் செய்தார்கள். பள்ளிக்குள் மூடிய நெட்வொர்க்கில் ஒரு தேர்வு சர்வர். பின்னால் அந்த சர்வரையும் விர்ச்சுவல்பாக்ஸ் மெய்நிகர் கணினியாக இயக்கும் வழி வந்தது. 2021இல் சிங்கப்பூர் இணையவழியில் நடத்திய பன்னாட்டுத் தகவலியல் ஒலிம்பியாட்டிலும், தத்தம் நாட்டில் உட்கார்ந்திருந்த போட்டியாளர்களுக்கு உபுண்டு அடிப்படையிலான ஒரே மெய்நிகர் கணினி கொடுக்கப்பட்டது. எடிட்டர், கம்பைலர், உதவிப் பக்கங்கள் எல்லாம் எல்லாருக்கும் ஒன்றே.

ஆனால் லேப்டாப்பின் வேகம் ஒன்றல்ல. போபெக்கும் கோல்ட்பெர்க்கும் விட்டுவைத்த அந்த இரண்டு விலக்குகள் இங்கே வந்து நிற்கின்றன. நிரலுக்கு நேர வரம்பு வைக்கும் போட்டியில் இது உயிர்நாடி. அதனால் ஒலிம்பியாட்டில் விடைகளைப் போட்டியாளரின் கணினியில் ஓட்டி மதிப்பிடுவதில்லை. அவை மையத்திலுள்ள மதிப்பீட்டு சர்வர்களுக்குப் போய், அங்கே எல்லாருக்கும் ஒரே அளவுகோலில் ஓடுகின்றன. ஒரு நிர்வாகத் தேர்வில் இப்படிப் பிரிக்க முடியாது, கணினியே விடை. ஒரே சர்வரில் 40 மெய்நிகர் கணினிகளும் ஒரே நொடியில் பூட் ஆனால் வட்டு மூச்சுத் திணறும், சிலருக்கு உடனே திரை வரும், சிலர் சில நிமிடங்கள் வெறும் திரையைப் பார்த்திருப்பார்கள். எனவே தேர்வுக்கு முன்பே சிறு சிறு கூட்டமாக எல்லாவற்றையும் எழுப்பிவிட வேண்டும். ஒவ்வொரு கணினிக்கும் சிபியு, நினைவகம், வட்டு வேகம் மூன்றுக்கும் உச்சவரம்பு போட வேண்டும். பக்கத்துக் கணினியில் ஒருவர் பெரிய ஃபைலை நகலெடுத்தால் இவருடைய திரை தயங்கக் கூடாது. 3 மணி நேரக் கணக்கை ஹாலில் மணி அடித்த நேரத்திலிருந்து எண்ணாமல், அந்தத் தேர்வரின் கணினி லாகின் கேட்ட நொடியிலிருந்து, அவரவருக்குத் தனியாக, சர்வரே எண்ண வேண்டும்.